கிண்ணத்தில் ஏறும் திருகாணிகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மோட்டார் வாகனங்களுக்கு ஹாரன் செய்யும் ஒரு தொழிற்சாலையில், 1981-ஆம் ஆண்டு நான் பயிற்சிப் பொறியாளனாகச் சேர்ந்தபோது, நீராவிச் சுழலிகளையும் வெப்ப இயக்கவியலையும் ஐந்தாண்டுகள் சிரத்தையோடு கற்று வந்த எனக்கு அவர்கள் முதன்முதலாகக் கொடுத்த வேலை, நான்கு மில்லிமீட்டர் தடிமனும் ஆறு மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு திருகாணியைத் தலை மேலாகவும் கால் கீழாகவும் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவிடாமல் ஒரு யந்திரத்தின் வாய்க்கு அனுப்பும் வேலைதான். அதைக் கேட்டு என் மனம் சோர்ந்தது உண்மை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிடவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் யந்திர சாஸ்திரத்தில் நான் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதியை அந்த ஆறு மில்லிமீட்டர்ப் பொருளிடம்தான் கற்றேன். அதனாலேயே இதை எழுதி வைக்க வேண்டுமென்று தோன்றுகிறது.

ஹாரனுக்குள்ளே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உண்டு. மின்காந்தம் இழுத்து இழுத்து விடும்போது அது துடித்து ஒலி எழுப்புகிறது. அத்தகட்டின் விளிம்பை இரண்டு ஓடுகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் ஆறு திருகாணிகளால் இறுக்க வேண்டும்; ஒன்று தளர்ந்தாலும் சுருதி கெட்டுவிடும். நான் சேர்ந்த காலத்தில், நீண்ட மேஜையின் இருபுறமும் அமர்ந்து பெண்களே இத்திருகாணிகளைப் பொருத்தி வந்தார்கள். அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மாள், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, தட்டில் குவியலாகக் கிடக்கும் திருகாணிகளுக்குள் கையை வைப்பார். கை வெளியே வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தலை மேலாக, ஒரே ஒரு திருகாணி நிற்கும். மரை இல்லாததோ தலை சிதைந்ததோ அகப்பட்டால், கண்ணால் பாராமலே அதைப் பக்கத்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். எப்படி அம்மா தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே விரல் பாத்துடும் தம்பி" என்றார்.

அந்த விரல்கள் ஒரு நொடிக்குள் செய்த காரியங்களைப் பிற்பாடு நான் காகிதத்தில் எழுதிப் பார்த்ததுண்டு. குவியலிலிருந்து ஒன்றைப் பிரிப்பது, அது எப்படிக் கிடக்கிறதென்று உணர்வது, வேண்டிய பக்கம் திருப்புவது, நல்லதா கெட்டதா என்று பரீட்சிப்பது, கெட்டதை விலக்குவது, நல்லதை இடத்துக்குக் கொண்டுபோவது என்று அவை நீண்டுகொண்டே போயின. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் யந்திரத்தில் ஓர் உறுப்பைத் தனித்தனியே தேடி வைக்க வேண்டியிருந்தது. யந்திரம் வந்தால் தங்கள் ஜீவனம் என்னவாகும் என்ற கவலை அந்த மேஜையைச் சுற்றி இருந்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. சிலர் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். சிலர் வேலையை விட்டுப் போனார்கள். மூத்த அம்மாளை மட்டும், எங்கள் பட்டறை மேஸ்திரி பிடிவாதமாகக் கேட்டு, புதிய யந்திரத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அது எவ்வளவு விவேகமான காரியம் என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்தது.

அந்தப் புதிய யந்திரத்துக்குத் திருகாணி ஊட்டும், பட்டறையில் எல்லோரும் 'பவுல்' என்றே அழைத்த அதிர்வுக் கிண்ணத்தை நான் அருகிலிருந்து பார்த்தது அப்போதுதான். அகன்ற வாணலியைப் போன்ற துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணம். அதன் உட்சுவரை ஒட்டி, அடியிலிருந்து விளிம்பு வரை சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு தடம். கீழே கனத்த வார்ப்பிரும்பு அடித்தளம். இரண்டையும் இணைத்து, ஒரே திசையில் சாய்ந்து நிற்கும் நான்கு ஸ்பிரிங் கட்டுகள், லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்வார்களே, அதன் சிறு வடிவம். நடுவே ஒரு மின்காந்தம். காந்தம் இழுக்கையில் சாய்ந்த பட்டைகள் வளைவதால் கிண்ணம் மிகச் சிறிதளவு கீழிறங்கிப் பின்புறமாகத் திரும்பும். விட்டவுடன் மேலெழுந்து முன்புறமாகத் திரும்பும். 50 ஹெர்ட்ஸ் மாற்று மின்சாரத்தில் காந்தம் நொடிக்கு 100 முறை இழுக்கும். நடுவே ஒரு டயோடைப் பொருத்தினால் 50 முறை. எங்களுடையது 50 முறை ஆடியது. அந்த வேகத்தில், செங்குத்தாக மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே, தடத்தின்மேல் கிடக்கும் பொருள் கணப்பொழுது தடத்தை விட்டு எழும்பிவிடும். அது அந்தரத்தில் இருக்கையில் தடம் பின்வாங்கும். விழும்போது சற்று முன்னால் போய் விழும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தாவல்களின் தொடர்ச்சியைத்தான், ஆயிரம் திருகாணிகள் எவரும் தள்ளாமலே வரிசையாக மலையேறுவதாக நாம் காண்கிறோம். முதன்முறை பார்ப்பவர் எவரும் அங்கே ஐந்து நிமிஷமாவது நிற்காமல் போனதில்லை.

நானும் நின்றேன், தப்பாகவும் புரிந்துகொண்டேன். கிண்ணம் திருகாணிகளை நிமிர்த்தி நிறுத்துகிறதென்று எண்ணிக்கொண்டு, அதற்கான சாதனம் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மேஸ்திரி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் ராணிப்பேட்டைப் பக்கத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அரத்தைப் பிடித்தால் நூலிழையில் பாதியைச் சீவக்கூடிய கை அவருக்கு. "நிமித்தறதெல்லாம் இல்ல தம்பி. சரியா வராததக் கீழ தள்ளிவிடுது, அவ்வளவுதான். தள்ளினது சுத்திக்கிட்டு மறுபடியும் வரும்." இத்தொழிலின் அடிப்படைத் தத்துவம் முழுவதும் இந்த வார்த்தைகளில் அடங்கியிருக்கிறது. மனித விரல் திருப்பிக்கொள்கிறது, கிண்ணமோ தேர்ந்துகொள்கிறது. தவறாக வந்த திருகாணிக்கு அது தண்டனை எதுவும் விதிப்பதில்லை. மறுபடியும் கீழிருந்து ஏறி வரச் சொல்கிறது. எத்தனை முறை தவறினாலும் அத்தனை முறையும் இடம் கொடுக்கிறது.

அந்தத் தேர்வு நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தடத்தின் மேற்பகுதியில் முதலில் எதிர்ப்படுவது, குறுக்காகச் சாய்த்துப் பற்றவைத்த ஒரு தகடு. எங்கள் திருகாணியின் தலை 7 மில்லிமீட்டர் விட்டமும் 2.6 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. ஆகவே, படுத்து வருகிற திருகாணி தடத்திலிருந்து 7 மில்லிமீட்டர் உயரம் இருக்கும்; காலை மேலே நீட்டிக்கொண்டு தலைகீழாக நின்று வருவது 8.6 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏழரைக்குச் சற்று மேலே, தகட்டின் அடிவிளிம்பை வைத்தால், படுத்தது கீழே நுழைந்து போகும். தலைகீழாக நின்றதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்ததும் தட்டுப்பட்டுக் கிண்ணத்தின் நடுவே விழும். பிறகு தடம் ஒடுங்கும். அதன் நடுவே, காலுக்கு இடம் கொடுத்துத் தலைக்கு இடம் கொடாத அகலத்தில், நீண்ட ஒரு சந்து வரும். படுத்து வந்த திருகாணியின் கால் அச்சந்தில் இறங்க, தலை இரு ஓரங்களிலும் தங்க, அது தொங்கிக்கொண்டே போகும். இறங்காதவை ஓரமாக வெட்டிய இடத்தில் சரிந்து விழுந்துவிடும். சந்துக்கு மேலே, தலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி, மெல்லிய இடைவெளி விட்டு ஒரு தண்டவாளம். அதைத் தாண்டியபின் சரிவான பாதை, பாதையின் முடிவில், ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுத்து நிறுத்தும் கதவு, அப்புறம் திருப்புளி.

முதல் வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து, பகலில் நிதானமாக ஓடிய கிண்ணம், மாலை ஆறு மணியானால் களைத்துப்போகத் தொடங்கியது. திருகாணிகள் பாதி தடம் ஏறி அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். திருப்புளி வெறுமனே இறங்கி ஏறும். மீட்டரை வைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கியிருந்தது. காந்தத்தின் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 200 வந்தால் விசையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். காரணம் கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்பட்டு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். மறுநாள் மாலையும் கிண்ணம் அப்படியே களைத்தது.

மின்பலகை அறைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனவர் மேஸ்திரிதான். அங்கே பழைய மாதிரி அதிர்வெண் காட்டி ஒன்று இருந்தது. அதில் முள் கிடையாது. சீப்பின் பற்களைப்போல வரிசையாக எஃகு நாக்குகள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு என்று நீளம் பார்த்து அமைத்தவை. மின்சாரத்தின் அதிர்வெண் எதுவோ, அதற்குரிய நாக்கு மட்டும் துடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும், மற்றவை சும்மா இருக்கும். பகலில் 50 என்ற எண்ணின் அருகே துடித்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோடு, மாலையில் 48.5-க்கு நேரே துடித்தது. அதை நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் கிண்ணமும் அந்த நாக்குகளில் ஒன்றே என்ற உண்மை பிரத்தியட்சமாயிற்று. பட்டைகளின் விறைப்பும் கிண்ணத்தின் கனமும் சேர்ந்து அதற்கென்று ஒரு சுபாவ அதிர்வெண்ணை அமைத்திருக்கின்றன. மின்சாரம் அதற்கு அருகே தட்டினால் சிறு விசைக்கும் பேராட்டம் ஆடும். விலகித் தட்டினால் அதே விசைக்குச் சோம்பிக் கிடக்கும். 50-க்குச் சற்று மேலே சுருதி சேர்த்திருந்த எங்கள் கிண்ணத்தை, மாலைதோறும் தென்னக மின்தொகுப்பின் பற்றாக்குறை, ஒன்றரை ஹெர்ட்ஸ் கீழே இறங்கி நின்று தட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு மெல்லிய பட்டையைக் கழற்றினால் சுருதி இறங்கும். கழற்றினோம், மாலையில் அருமையாக ஓடியது. இரவு பதினொரு மணிக்கு, ஊரெல்லாம் விளக்கணைத்தபின், அதிர்வெண் மறுபடி 50-ஐ நெருங்க, கிண்ணம் வெறிகொண்டதுபோல ஆடித் திருகாணிகளை வெளியே வீசியது. பட்டைகளைத் திரும்பப் பொருத்தினோம். இதற்குச் சாஸ்திரத்தில் அப்போது எங்களிடம் பரிகாரம் இருக்கவில்லை. பரிகாரம் மூத்த அம்மாளின் காதில் இருந்தது. திருகாணிகள் சரியாக ஏறும்போது தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் ஓசை கேட்கும். அது மங்கத் தொடங்கியதுமே, தடத்தில் எதுவும் நிற்பதற்கு முன்பே, அவர் கட்டுப்பாட்டுக் குமிழை ஒரு கோடு கூட்டுவார். ஓசை கரகரத்தால் ஒரு கோடு குறைப்பார். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பக் கூடாதென்பதையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டினால் ஓசை மாறிவிடுகிறது என்று அவர் சொன்னதன் பொருள், கனம் ஏறினால் சுபாவ அதிர்வெண் இறங்கும் என்பதுதான்.

எண்ணெய்ப் படலம், காந்தமேறிய திருகாணிகள் ஜோடியாக ஒட்டிக்கொள்வது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஸ்பிரிங் வாஷர்கள் ஆகிய தொல்லைகளும் இருந்தன. அவற்றுக்கு உபாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. ஆனால் பிசிறைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சந்துக்கு மேலிருந்த தண்டவாளத்தின் கீழ் அடிக்கடி இரண்டு திருகாணிகள் தலையோடு தலை கோத்துக்கொண்டு நின்றுவிடும். பின்னால் வருபவையெல்லாம் முட்டி நிற்கும். அளவு பார்த்தால் இரண்டும் குற்றமற்றவை. கேஜில் போட்டேன், நுழைந்தது. மேஸ்திரி அவற்றுள் ஒன்றை வாங்கி, தலையின் மேல், காடியின் ஓரமாக, கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்தார். என் விரலைப் பிடித்து அவ்வாறே இழுக்க வைத்தார். நகத்தில் எதுவோ தடுக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு முள். காடி அறுக்கும் வட்ட ரம்பம் மழுங்கியபோது விட்டுப்போன இரும்பின் நாக்கு. ஒரு தலையின் முள் அடுத்த தலையின் காடியில் மாட்டிக்கொண்டால், ஒரு நாள் முழுவதும் ஆடினாலும் கிண்ணத்தால் அதைப் பிரிக்க முடியாது.

இதன் விலை என்னவென்று கணக்கிட்டோம். ஒரு ஷிப்டில் 1,200 ஹாரன்கள். ஹாரனுக்கு ஆறாக 7,200 திருகாணிகள். நூற்றில் ஒன்று பழுதானால் 72 தடவை யந்திரம் நிற்கும். ஒவ்வொன்றையும் எடுத்துவிட ஒரு நிமிஷம் என்றாலும் எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பாழ். ஆயிரத்தில் ஒன்று என்றால் ஏழு நிமிஷம்தான் போகும். கைவேலையில், நூற்றில் ஒரு திருகாணி கெட்டிருந்ததை எவரும் பொருட்படுத்தியதில்லை. அது டப்பாவுக்குப் போயிற்று, அவ்வளவே. யந்திரத்துக்கு அந்த ஒன்றுதான் விதியாகிவிட்டது. கணக்கை எடுத்துக்கொண்டு, திருகாணி செய்து கொடுத்த சிறு பட்டறைக்காரரிடம் போனோம். அவரைக் கோபிக்க எங்களுக்கு நியாயமில்லை. ஏனென்றால், எங்கள் வரைபடத்தில் பிசிறு கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மேஸ்திரி அவரையும் நகத்தால் தடவிப் பார்க்கச் செய்தார். அவர் முகம் மாறிவிட்டது. ரம்பத்தை மழுங்கும் முன்பே மாற்றுவதற்கும், முலாம் பூசுமுன் திருகாணிகளைப் பீப்பாயில் உருட்டிப் பிசிறு நீக்குவதற்கும், வேறு சரக்கு கலந்துவிடாதபடி, முலாம் பீப்பாயின் மூலையில் முந்தைய சரக்கு தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விளக்கடித்துப் பார்ப்பதற்கும் அவரே முன்வந்து ஒப்புக்கொண்டார். அதற்காக ஆயிரத்துக்கு இத்தனை என்று விலை சற்றுக் கூடியது. எங்கள் கொள்முதல் பகுதியினர் அதை எளிதில் ஒப்பவில்லை. கொள்முதல் செய்பவர் மிச்சம்பிடிக்கும் காசை யந்திரம் நிற்கும் நிமிஷங்கள் தின்றுவிடுவது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இவ்வளவும் செய்தபின் ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. தலைகீழாக நின்று வரும் திருகாணிகளில் சில, அதிர்வில் தாழ்ந்த சமயம் பார்த்துத் தகட்டின் கீழ் நழுவிப் போய்விடும். தகட்டை இறக்கினால் படுத்து வரும் நல்லவையும் தட்டுப்படும். படுத்ததற்கும் நின்றதற்கும் உயரத்தில் உள்ள வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்தானே! மேஸ்திரி ஒருநாள் மதிய உணவு வேளையில், நூறு திருகாணிகளைக் கையில் அள்ளி மேஜைமேல் வீசினார். எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை தலைமேல் நிற்கின்றன என்று எண்ணினோம். மறுபடி மறுபடி வீசி எண்ணினோம். பிறகு எட்டு மில்லிமீட்டர் நீளத் திருகாணிகள் நூற்றை அவ்வாறே வீசினோம். தலைமேல் நின்றவை வெகுவாகக் குறைந்துவிட்டன. எட்டு மில்லிமீட்டரில், தலைகீழாக நிற்பதன் உயரம் 10.6, வித்தியாசம் 3.6. எந்தக் குருட்டுத் தகடும் அதைப் பிரித்துவிடும்.

ஒரு பொருளைக் கீழே எறிந்தால் அது எந்தெந்த நிலையில், எவ்வளவு தடவை வந்து தங்கும் என்பதை, ஜெஃப்ரி பூத்ராய்டும் அவருடைய சகாக்கள் இருவரும் 1982-இல் வெளியிட்ட தானியங்கிப் பொருத்துமுறை பற்றிய நூலில் ஒரு தனி விஷயமாகவே ஆராய்ந்திருந்ததைச் சில ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, எனக்கு அந்த மேஜைதான் நினைவுக்கு வந்தது. ஓர் உறுப்பை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றாகவே இருக்கும்படி செய்யுங்கள்; அது இயலாவிட்டால், பக்கங்களின் வேற்றுமையை எடுப்பாகத் தெரியும்படி மிகுத்துவிடுங்கள் என்பது பூத்ராய்ட் இத்துறைக்குக் கொடுத்த நெறி. பாதி வேற்றுமைதான் யந்திரத்தை ஏமாற்றுகிறது. எங்கள் 1.6 மில்லிமீட்டர் அத்தகைய பாதி வேற்றுமை.

வரைபடத்தில் 6 என்ற எண்ணை 8 என்று மாற்ற எட்டு மாதங்கள் ஆயின. வாகனத் தொழிற்சாலையின் ஒப்புதல் வேண்டும், புதிய மாதிரிகள் வேண்டும், அதிர்வுப் பரீட்சை வேண்டும். இவ்வளவுக்கும், விளிம்புக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் ஹாரனுக்கு யாதொரு குறையுமில்லை. அந்த எட்டு மாதங்களும் அம்மாள் ஒரு சிறு கம்பியை வைத்துக்கொண்டு, தலைகீழாக நழுவி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மில்லிமீட்டர்ச் சரக்கு வந்த அன்று முதல் ஷிப்டில் அந்தக் கம்பிக்கு வேலை இருக்கவில்லை. மேஸ்திரி அதை வாங்கித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

தென்னக மின்தொகுப்பில் 2003 ஜனவரியில் அதிர்வெண்ணோடு இணைத்த புதிய கட்டண முறை வந்தபின் மாலை நேர அதிர்வெண் பெரிதும் சீர்பட்டது. 2013 டிசம்பர் 31-இல் தென்னகம் நாட்டின் பொதுத் தொகுப்போடு இணைந்தது. கிண்ணங்களுக்கும், மின்தொகுப்பு எப்படி இருந்தாலும் தமக்கு வேண்டிய அதிர்வெண்ணைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. காமிராவால் பார்த்து, ரோபோவின் கையால் எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. இருந்தும், பிசிறுள்ள தலை இன்றும் பிசிறுள்ள தலையாகவே வருகிறது. 6 என்று எழுத வேண்டிய அவசியமில்லாத இடத்தில் 6 என்றே எழுதுகிறார்கள்.

ஆகையால் வரைபடம் போடும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திருகாணியின் நீளத்தை எழுதிக் கையெழுத்திடுவதற்கு முன், அந்தத் திருகாணியில் நூறு வாங்கி, மேஜைமேல் வீசி, தலைமேல் நிற்பவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு, கிண்ணம் செய்பவரிடம் ஒரு முறை போய் வாருங்கள்.